மச்சானின் லொறியை நான் பிரித்து விற்ற கதை

என் அன்புக்கும், இந்த நாலரை மாதமாக என் கோபத்துக்கும் உரிய மச்சானுக்கு,

அல்லாஹ் உங்கள் கபுறுக் குழியை வெளிச்சமாக்கி வைக்கட்டும். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பின்னால் எழுதப்போவது எல்லாம் சண்டை. சண்டை சூடு பிடித்தால் துஆ மறந்துபோகும். என் குணம் உங்களுக்குத் தெரியும்.

மூன்றே நாள் காய்ச்சல். மூன்றாம் நாள் வாயும் கட்டிப்போயிற்று. கல்முனை ஆஸ்பத்திரிக் கட்டிலில் நீங்கள் என் கையைப் பிடித்துக்கொண்டு எதையோ சொல்ல உன்னினீர்கள். கலிமா சொல்லப் பார்க்கிறீர்கள் என்று நினைத்து நான் சொல்லிக் கொடுத்தேன். நீங்களும் உதட்டை அசைத்துச் சொன்னீர்கள். ஆனால் அதற்குப் பிறகும் உங்கள் கை என் கையை விடவில்லை. அப்போது நீங்கள் சொல்ல நினைத்தது என்ன என்று இப்போதுதான் எனக்குத் தெரியும். அதனால்தான் இந்தக் கடிதம்.

நீங்கள் விட்டுப்போனவை: என் கூடப்பிறந்த ராத்தா, மூன்று பெண் பிள்ளைகள், சுவர் மட்டும் எழும்பிக் கூரை இல்லாமல் நிற்கிற ஒரு வீடு, ஓடாத ஒரு லொறி. நம்முடைய ஊரில் மாப்பிள்ளை பெண் வீட்டுக்குத்தான் வந்து குடியிருப்பான். பெண்ணுக்கு வீடு இல்லையென்றால் கலியாணப் பேச்சே இல்லை. மூத்தவள் சுலைஹாவுக்கு மாப்பிள்ளை பேசி, நாளும் ஏறக்குறையக் குறித்து, சுவரையும் எழுப்பி வைத்துவிட்டு, ஓடு போடுகிற நேரம் பார்த்து நீங்கள் போய்விட்டீர்கள். ஆக, அந்த லொறிதான் இந்த வீட்டின் கூரை. எப்படியாவது லொறியை ஓடாக மாற்ற வேண்டும். அது என் தலையில் விழுந்தது.

ஓடுகிற லொறியாக இருந்தால் விற்றுவிடலாம். உலகச் சண்டை முடிந்து பட்டாளத்துக்காரர் தள்ளிவிட்டுப் போன லொறி அது. பத்துப் பன்னிரண்டு வருடமாகச் சம்மாந்துறை வயல் நெல்லையும் சொறிக்கல்முனை வயல் நெல்லையும் நீங்கள் அதில் சுமந்தீர்கள். மெக்கானிக் அடியில் படுத்துப் பார்த்துவிட்டு எழுந்து வந்து கையைத் துடைத்தார். அடிச்சட்டம் நடுவில் விரிந்திருக்கிறதாம். எஞ்சினுக்கு உயிர் இருக்கிறது, முதுகெலும்புதான் இல்லை என்றார். இதைத் தெரிந்துகொண்டா போன போகம் முழுக்க மூட்டைக்கு மேல் மூட்டை ஏற்றினீர்கள்? ஏற்றியிருப்பீர்கள். யார் வந்து கேட்டாலும் உங்கள் வாயில் "ஓம், சரி" தவிர வேறொன்று வந்ததா?

மட்டக்களப்பிலிருந்து பழைய இரும்பு வாங்குகிற ஒருவர் வந்தார். வந்தவர் முதலில் செய்த வேலை, லொறியின் வயிற்றில் காலால் ஓர் உதை.

"இது ஓடாது."

"ஓடாதெண்டு எனக்கும் தெரியும். ஓடினா உங்களுக்கு ஏன் விக்கப்போறன்?"

"அப்ப இது இரும்பு. முழுசா ஒரு விலை சொல்றன். இழுத்துக்கொண்டு போறது என்ட பாடு."

அவர் சொன்னது அடிமாட்டு விலை. அந்த விலைக்குச் சமைக்கிற குசினிக்கு மட்டும்கூட ஓடு போட முடியாது. யானை இருந்தாலும் ஆயிரம் பொன், இறந்தாலும் ஆயிரம் பொன் என்பார்கள். உங்கள் யானைக்கு மட்டும் ஏன் அந்தக் கணக்கு வரவில்லை என்று அன்று எனக்கு வயிறு எரிந்தது.

வழி காட்டியவர் கத்தி அடிக்கிற கொல்லர். மண்வெட்டி ஒன்றைத் தீட்டக் கொடுக்கப் போனபோது என் புலம்பலைக் கேட்டுவிட்டு அவர் சொன்னார்: "முழுசா வித்தா நீ விக்கிறது இரும்பு. கழட்டி வித்தா நீ விக்கிறது சாமான். சாமானுக்கு ஆள் தேடிப் போகோணும், அவ்வளவுதான்." பிறகு, லொறியின் பாரம் தாங்குகிற வில்லுத் தகடுகளை வேறு யாருக்கும் கொடுத்துவிடாதே, கத்திக்கு அதைப்போல இரும்பு கிடைக்காது என்று முற்பணமும் தந்தார்.

இங்கேதான் என் முதல் பிழை. லொறி நின்றது ராத்தாவின் வளவில். ராத்தா இத்தாவில் இருந்தாள். நாலு மாதமும் பத்து நாளும் அந்நிய ஆண் முகம் பார்க்காமல் ஓலைக் கிடுகு மறைப்புக்குள் இருக்கிறவளின் முற்றத்தில் கொல்லனையும் மெக்கானிக்கையும் கூட்டிவந்து சுத்தியல் சத்தம் போடுவதா? இரண்டு சோடி மாட்டைக் கட்டி லொறியைக் கடற்கரைப் பக்கத்து என் தென்னந்தோட்டத்துக்கு இழுத்துப் போனேன். அதுவரைக்கும் சரி. ஆனால் லொறியைப் பற்றிய பேச்சையும் சேர்த்து இழுத்துப் போய்விட்டேன். நான் அவளுடைய கூடப்பிறந்த தம்பி. தினமும் போய் மறைப்புக்கு உள்ளேயே உட்கார்ந்து அரிசி இருக்கிறதா, மீன் வாங்கவா என்று கேட்பேன். லொறியைப் பற்றி ஒரு சொல் கேட்டதில்லை. துக்கத்தில் இருக்கிற பெண்ணிடம் புருஷனின் லொறியைத் துண்டு போடுகிற கதையைப் பேசுவது மரியாதையில்லை என்று நினைத்தேன். அவளும் கேட்கவில்லை. என் தம்பி பார்த்துக்கொள்வான் என்று இருந்திருக்கிறாள்.

தோட்டத்தில் வேலை தொடங்கியதும் ஊர் முழுக்க உங்கள் கூட்டாளிகள் ஆகிவிட்டார்கள். ஒரு வெள்ளிக்கிழமை ஜும்ஆ முடிந்த கையோடு மூன்று பேர் வந்து நின்றார்கள். எஞ்சினை மர்ஹூம் உயிரோடிருக்கும்போதே எனக்குத் தருவதாகச் சொன்னார் என்றார் ஒருவர். பெட்டரி எனக்கு என்றார் இன்னொருவர். மூன்றாமவருக்கு ஹோர்ன் வேண்டுமாம். மூவருக்கும் மரண சாசனமாக வஸிய்யத் சொல்லி வைத்தீர்களாம். லொறியைப் பிரித்தால் பிள்ளைகளுக்குக் கூரை. இவர்களுக்குக் கொடுத்தால் பிள்ளைகளுக்கு ஆகாயம். எனக்கு எப்படி இருந்திருக்கும்?

மார்க்கம் தெரிந்த பள்ளிவாசல் லெப்பையைக் கூப்பிட்டேன். அவர் நிதானமாகச் சொன்னார்: "வஸிய்யத் மூண்டில ஒரு பங்குக்கு மேல செல்லாது. அதுக்கும் ரெண்டு சாட்சி வேணும்."

"அப்ப லொறியில மூண்டில ஒண்டு எது லெப்பை? முன்சில்லா, பின்சில்லா, ஹோர்னா?" என்று நான் கத்தினேன். "சாட்சியோட வாங்க. சாட்சி இல்லாட்டி இந்தத் தோட்டத்து வேலிக்கு அங்கால நில்லுங்க."

அந்த நேரம் பார்த்து வேலியோரம் இன்னொருவர் வந்து நின்றார். தோளில் துண்டு, கையில் மாடு சாய்க்கிற கம்பு, காலெல்லாம் வயல் சேறு. சொறிக்கல்முனைச் சின்னத்தம்பி. உங்கள் மையத்தை அடக்கிய அன்றும் அவர் வந்து ஒதுக்கமாக நின்றதைப் பார்த்த ஞாபகம் இருந்தது. என் கோபம் அப்போது கொதித்துக்கொண்டிருந்தது.

"என்ன, உங்களுக்கும் வஸிய்யத்தா?" என்று கேட்டேன்.

நின்றவர்கள் சிரித்தார்கள். அவர் லொறியைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். "இல்ல தம்பி. மறுகா வாறன்" என்று சொல்லிவிட்டு வந்த வழியே போய்விட்டார். நல்ல வேளை, ஒருவர் குறைந்தார் என்று நினைத்தேன் மச்சான். அல்லாஹ் என்னை மன்னிக்கட்டும், அப்படித்தான் நினைத்தேன்.

அதற்குப் பிறகு நான் செய்த வியாபாரத்தை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். பெட்டரியை உடைத்து ஈயத்தை எடுத்துச் சாய்ந்தமருது வலைக்காரருக்குக் கொடுத்தேன். வலைக்குக் கட்ட அவர்களுக்கு ஈயம் எப்போதும் வேண்டும். ரேடியேட்டரின் செம்பை இரும்போடு சேர்த்து நிறுக்க ஒருவன் பார்த்தான். தட்டிப் பறித்துத் தனியாக நிறுத்தேன். பின்பெட்டிப் பலகை மருதமுனைக்குத் தறி செய்யப் போனது. எஞ்சினை மில்லுக்காரர் எடுத்தார். வில்லுத் தகடு கொல்லருக்கு. கடைசியில் மிஞ்சிய எலும்புக்கூட்டை அந்த மட்டக்களப்பு இரும்புக்காரரையே கூப்பிட்டு அந்தர் கணக்கில் நிறுத்துக் கொடுத்தேன். முழு லொறிக்கு அவர் சொன்ன விலையில் பாதிக்கு மேல் அந்த எலும்புக்கே வந்தது. அவர் இந்த முறை எதையும் உதைக்கவில்லை.

ஆனால் எல்லாவற்றிலும் பெரிய வியாபாரம் பின்சில்லு இரண்டும்தான். முன்சில்லு இரண்டும் மொட்டை. பின்னுக்கோ டயர் புதுக்கருக்குக் குலையாமல் இருந்தது. லொறி சாம்பல் நிறம், அந்தச் சில்லு இரண்டுக்கு மட்டும் சிவப்புச் சாயம். பெருநாளைக்கு ஒரு சட்டை வாங்கச் சொன்னால் போன வருடத்துச் சட்டையைத் தேடுகிற மனிதர் நீங்கள். புது டயருக்கு எங்கிருந்து துணிந்தீர்கள் என்று நான் யோசித்தேனா? யோசித்தேன். பிள்ளைக்குக் கூரை போடாமல் லொறிக்குச் சப்பாத்துப் போட்டிருக்கிறார் பாருங்கள் என்று உங்களை ஏசினேன். அவ்வளவுதான் என் யோசனை. அக்கரைப்பற்றில் டயர் போட்ட மாட்டு வண்டி செய்து விற்கிற ஒருவர் பார்த்த மாத்திரத்தில் நான் கேட்டதைக் கொடுத்தார். அந்தச் சில்லு இரண்டுக்கும் வந்த காசே வீட்டின் பாதிக் கூரைக்குக் காணும்.

இன்னொன்றையும் இங்கே ஒப்புக்கொள்கிறேன். முன் அச்சையும் மொட்டைச் சில்லு இரண்டையும் விற்கவில்லை. எனக்கென்று வைத்துக்கொண்டேன். நல்ல பலகை வாங்கி ஒரு மாட்டு வண்டி கட்டினேன். தேங்காய் ஏற்ற வாடகை வண்டிக்குக் காத்திருந்து காத்திருந்து எனக்கு அலுத்துப்போயிருந்தது. நாலு மாதம் அலைந்த கூலி என்று மனதுக்குச் சொல்லிக்கொண்டேன். ராத்தாவிடம் கேட்கவில்லை. மரியாதை என்று சொல்லிக் கேட்காமல் விட்டதில் இந்த வசதியும் இருந்தது.

ஓடு போட்டாயிற்று. இத்தா முடிந்த அன்று ராத்தா குளித்து, வெள்ளையை மாற்றி, வெளியே வந்தாள். புது வீட்டின் முன்னால் நின்று அண்ணாந்து பார்த்தாள். அழுதாள். எனக்குப் பெருமை தாங்கவில்லை. கழற்றி விற்ற கதையை அப்போதுதான் முதன்முதலாக அவளுக்குச் சொல்லத் தொடங்கினேன். எஞ்சினில் தொடங்கிச் செம்பு வரைக்கும் வந்தபோது அவள் நடுவில் கேட்டாள்:

"சின்னத்தம்பிட சில்லு ரெண்டையும் குடுத்திட்டயா தம்பி?"

"எந்தச் சில்லு?"

"செவப்புச் சில்லு. அவர்ர லொறி டயர் ரெண்டும் வெட்டுக்காலத்தில சொறிக்கல்முனையில வெடிச்சிப் போச்சே. மழை வரப்போகுது, நெல்லெல்லாம் களத்தில கிடக்கு. சின்னத்தம்பி தன்ட வண்டிச் சில்லக் கழட்டிக் குடுத்த. அதுவும் இந்த லொறி மாதிரி ஒண்டுட சில்லுத்தானாம், பொருந்திட்டு. பத்து நாளையில தாறன் எண்டு வாங்கிக்கொண்டு வந்தவர். எட்டாம் நாள் காய்ச்சல்."



"வித்திட்டன் ராத்தா."

அவள் கத்தவில்லை. கத்தியிருந்தால் எனக்குச் சுகமாக இருந்திருக்கும்.

"என்னட்ட ஒரு சொல்லுக் கேட்டயா?"

"நீ இத்தாவில இரிக்கிற நேரம் எப்பிடிக் கேக்கிற?"

"இத்தாவில இரிந்தது நான். என்ட வாய்க்கும் இத்தாவா? கூடப்பிறந்தவனோட கதைக்க ஒண்ணாதெண்டு எந்தக் கிதாபில இரிக்கி?" பிறகு கூரையை இன்னொரு முறை பார்த்தாள். "அமானிதம் தம்பி இது, நம்பித் தந்த சாமான். வஸிய்யத்துக்கு முந்தி, பங்குக்கு முந்தி, அமானிதம். இத மேல போட்டுக்கொண்டு என்ட புள்ள எப்பிடி இந்த வீட்டில படுப்பா? அவர் அங்க எப்பிடிப் படுப்பார்? ஓட்டக் கழட்டி வித்துப்போட்டுச் சில்ல வாங்கு."

நாலு மாதம் வஸிய்யத், சாட்சி, மூன்றில் ஒன்று என்று ஊருக்குச் சட்டம் பேசியவன் நான். கேட்காமலே கொடுக்க வேண்டிய ஒன்றை விற்று, அதில் இலாபம் கண்டு, அதற்காக உங்களையும் ஏசியிருக்கிறேன். ஆத்திரக்காரனுக்குப் புத்தி மட்டு என்று நீங்கள் என்னைச் சீண்டும்போதெல்லாம் சிரித்துக்கொண்டிருந்தேன். நீங்கள்தான் என்ன? பத்து நாள் தவணையை எனக்கு ஒரு சொல் சொல்லி வைத்தால் வாய் தேய்ந்துவிடுமா? ஊர் முழுக்கத் தெரிந்த கதையா இது? உங்களுக்கும் சின்னத்தம்பிக்கும் ராத்தாவுக்கும் மட்டும் தெரிந்த கதை.

மறுநாள் காலையில் அக்கரைப்பற்றுக்கு ஓடினேன். அந்தச் சில்லோடு வண்டி பொத்துவிலுக்கு விற்றுப் போயிருந்தது. திரும்பி வந்து ஓட்டைப் பார்த்தேன். சுலைஹா உள்ளே சுவருக்கு வெள்ளையடித்துக்கொண்டிருந்தாள். என்னால் ஏணியை எடுக்க முடியவில்லை. எடுக்கவும் மாட்டேன் என்று தெரிந்தது. அப்படியென்றால் மிச்சம் இருந்தது ஒன்றுதான்.

என் வண்டியில் மாட்டைப் பூட்டிக்கொண்டு சொறிக்கல்முனைக்குப் போனேன். வழியெல்லாம் கதிர் முற்றி நின்றது. சிறுபோக வெட்டுக்கு இன்னும் இரண்டு மூன்று கிழமைதான். சின்னத்தம்பி வீட்டு முற்றத்தில் அவருடைய வண்டி சில்லில்லாமல் மரக்கட்டைகளின் மேல் நின்றது. அதன் மேல் கோழி அடைகாத்துக்கொண்டிருந்தது. அதைப் பார்த்ததும் வாயில் தயார் பண்ணி வந்த பேச்செல்லாம் போய்விட்டது.

"அண்ணன், உங்கட சில்ல நான் வித்துப்போட்டன்" என்றேன்.

அவர் ஆச்சரியப்படவில்லை. "அக்கரைப்பற்றுச் சந்தியில கண்டனான். செவப்புச் சாயம் நான் அடிச்சதுதானே."

"கண்டும் ஏன் வந்து கேக்கல்ல? அண்டைக்கு வேலியடிக்கு வந்த நேரமாவது சொல்லியிரிக்கலாமே?"

"செத்த வீட்டில போய் என்ட சில்லத் தா எண்டு கேக்கிறதா தம்பி? பெண் பிள்ளையள் இருக்கிற வீடு." அவர் என் மாட்டைத் தடவிக்கொடுத்தார். "உங்கட மச்சான் காக்கா சில்லக் கொண்டுபோற அண்டு சொன்னவர். நான் வர ஒண்ணாமப் போனா என்ட மச்சானட்டக் கேளு, அவன் சத்தம் போடுவான், ஆனா தருவான் எண்டு. அதை நம்பித்தான் அண்டைக்கு வந்தன். சத்தத்தக் கேட்டன். மற்றதுக்கு நிக்காமப் போயிற்றன். என்ட பிழையும்தான்."

அந்த முற்றத்தில் வைத்து அழுதேன் மச்சான். உங்கள் மையத்து அன்றுகூட ஆளை அனுப்பவும் குழி பார்க்கவும் ஓடிக்கொண்டிருந்தேனே தவிர அழவில்லை. ஆஸ்பத்திரியில் என் கையைப் பிடித்தீர்களே, அதுவும் இந்தச் சில்லுக்குத்தானே? நான் தருவேன் என்று என்னைப் பற்றி வேறொருவரிடம் சொல்லி வைத்திருக்கிறீர்கள். என் முகத்துக்கு நேரே ஒரு நாளாவது அப்படிச் சொன்னீர்களா?

வண்டியை முழுதாகவே எடுத்துக்கொள்ளுங்கள் என்று கெஞ்சினேன். அவர் ஒத்துக்கொள்ளவில்லை. "நான் குடுத்தது சில்லு. எனக்குச் சில்லுப் போதும். தேஞ்சதுதான், இந்த வெட்டுக்குத் தாங்கும்" என்றார். இரண்டு பேருமாகக் கழற்றி அவருடைய வண்டிக்குப் பூட்டினோம். கோழியை மட்டும் அவர் மனைவி முட்டையோடு தூக்கி வேறு இடத்தில் வைத்தாள். என் வண்டி இப்போது அந்த மரக்கட்டைகளின் மேல் அவர் முற்றத்தில் நிற்கிறது. மாடு இரண்டையும் ஓட்டிக்கொண்டு வீட்டுக்கு நடந்து வந்தேன். வழியில் கண்டவனெல்லாம் "வண்டி எங்க?" என்று கேட்டான். எல்லோர் மேலும் எரிந்து விழுந்தேன்.

ராத்தாவிடம் சொன்னேன். என் வண்டிக் கதையையும் சேர்த்துச் சொன்னேன். அவள் சோறு போட்டாள். "டயர் தேஞ்சது" என்று மட்டும் சொன்னாள். ஓம், தேய்ந்ததுதான். நாம் வாங்கியது புதிது, கொடுத்தது பழையது. அது பாதி அமானிதம்தான் என்று அவளுக்கும் தெரியும், எனக்கும் தெரியும்.

வருகிற மாதம் சுலைஹாவுக்கு நிக்காஹ். ஓடு ஒழுகவில்லை. அந்த ஹோர்ன் கேட்ட மனிதர் இன்னும் என்னை வழியில் மறிக்கிறார். அது மட்டும் விலை போகாமல் என்னிடமே கிடக்கிறது. கொடுத்துவிடலாம் என்று இருக்கிறேன், சாட்சி இல்லாமலே.

பெரும்போக வெட்டுக்கு முன்னால், என் தேங்காயெல்லாம் போனாலும் சரி, புது டயர் போட்ட சில்லு இரண்டைச் சின்னத்தம்பியின் முற்றத்தில் கொண்டுபோய் இறக்குவேன். சிவப்புச் சாயமும் நானே அடிப்பேன். அதுவரைக்கும் என் வண்டி அந்தக் கட்டையில் நிற்கட்டும். நீங்கள் அவரிடம் சொன்ன சொல்லில் முதல் பாதியை நான் ஏற்கெனவே நிறைவேற்றிவிட்டேன்.

இப்படிக்கு,
சத்தம் போடுகிற, ஆனால் தருகிற,
உங்கள் மச்சான்